காலி நாற்காலிக்கு முன் ஒரு மின்னல்

எதையும் சுத்தம் செய்யக் கூடாது, பாய். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாண கேசட்டுக்குச் செய்வீர்களே, நிறத்தைத் தூக்கி, முகத்தை வெளுப்பாக்கி, ஓரத்தில் ரோஜாப்பூ ஒட்டி, அந்த வேலையெல்லாம் இதில் வேண்டாம். இந்த கேசட்டில் என்ன இருக்கிறதோ அது அப்படியே பென் டிரைவில் ஏற வேண்டும். கோடு விழுந்தால் கோடு. இரைச்சல் வந்தால் இரைச்சல். உள்ளது உள்ளபடி.

எவ்வளவு நேரமாகும்? படம் ஓடுகிற நேரம் முழுக்கவா? நல்லதாகப் போயிற்று. அவசரப்படாத ஒரு மிஷினாவது இந்த லாங்கு பஜாரில் மிச்சம் இருக்கிறதே. நான் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன். இந்த ஸ்டூல் ஆடுகிறது. பரவாயில்லை, ஆடட்டும்.

அந்தத் திரையில் யார் கல்யாணம்? ஆம்பூர் பார்ட்டியா? மாப்பிள்ளை வாயில் போட்ட லட்டை மெல்லாமல் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பாருங்கள். நீங்கள் இதையே காலையிலிருந்து ராத்திரி வரை பார்க்கிறீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. பிழைப்பு. அதை நிறுத்திவிட்டு இதைப் போடுங்கள்.

என்ன, பூஞ்சையா? டேப்பைத் துடைக்காமல் ஓடாதா? சரி, டேப்பை மட்டும் துடையுங்கள். படத்தைத் தொடக் கூடாது.

என்னை உங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. சம்பந்தம். வேலூர் திரைப்படக் கழகம் என்று ஒன்று கேள்விப்பட்டதில்லையா? அதை ஆரம்பித்ததே நான்தான். நான் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில் பியூன் வரைக்கும் என்னை ‘ஐரோப்பா சம்பந்தம்’ என்றுதான் சொல்வார்கள். கிண்டல் இல்லை, மரியாதை. நான் சீட்டில் இல்லாவிட்டால், “ஐரோப்பா எங்கேப்பா? டீ குடிக்கப் போயிருக்கா?” என்பார்கள். அந்த அளவுக்குப் பெயர்.

இதோ வந்துவிட்டது. ‘உப்பு வண்டி’. செக் நாட்டுப் படம், கறுப்பு வெள்ளை. உப்பு விற்கிற ஒருவன், அவன் பெண்டாட்டி, ஒரு குதிரை. கதை என்ன என்று கேட்காதீர்கள். கதை கேட்கிறவர்களுக்கு வேறு தியேட்டர் இருக்கிறது.

அந்த மூடுபனியைப் பார்த்தீர்களா? ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் இன்னொரு ஆள் நிழலாக நிற்கிற மாதிரி இல்லை? குதிரைக்குக்கூட ஒரு நிழல் குதிரை. நான் என் புத்தகத்தில் இதற்கு மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். ‘மனிதனும் அவன் கைவிட்ட மனிதனும் ஒரே சட்டகத்தில்’ என்று.

என்ன சொன்னீர்கள்? ஆன்டெனா கோளாறில் விழுந்த நிழலா? சிரிக்காதீர்கள், பாய். அன்றைக்கு எங்கள் வீட்டு ஆன்டெனா மாதிரி சத்துவாச்சாரி ஏரியாவிலேயே கிடையாது. நானே மேலே ஏறித் திருப்பி வைத்தேன். சென்னை டிவி நிலையத்தில் உலகப்பட வாரம் என்று மதியத்தில் ஒரு படம் போட்டார்கள். ஒரே ஒரு தடவைதான் போட்டார்கள். அதற்குப் பிறகு இந்தப் படத்தை இந்தத் தமிழ்நாட்டில் யாரும் பார்த்ததில்லை, இந்த கேசட்டில் பார்த்ததைத் தவிர. முப்பது வருஷத்துக்கு மேல் ‘உப்பு வண்டி’ என்றால் நான், நான் என்றால் ‘உப்பு வண்டி’.

இப்போது ஒரு டிஸ்க் வந்திருக்கிறதாம். ஜெர்மனியிலிருந்து வரவழைத்ததாம். புதுப்பித்த பிரதி. மூல நெகட்டிவைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு சட்டகமாகத் துடைத்து, தூசி தட்டி, கீறலை அடைத்து... எனக்குக் கேட்கவே கூசுகிறது. எவனோ ஒரு கம்ப்யூட்டர்காரன் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு செத்துப்போன மேதையின் முகத்துக்குப் பவுடர் போடுகிறான். பார்த்தேன், பாய். என் வீட்டிலேயே பார்த்தேன். மூடுபனியைக் காணோம்! வெயில் அடிக்கிறது! தூரத்து மலையில் ஆடு மேய்கிறது, எண்ணலாம் போலிருக்கிறது. நிழல் குதிரை போய்விட்டது, ஒரே ஒரு குதிரைதான் நிற்கிறது. அது பொம்மைக் குதிரை மாதிரி பளபளக்கிறது. இதற்குப் பெயர் மீட்டெடுப்பு.

அதோடு விட்டார்களா? கூடவே ‘இணைப்புகள்’ என்று ஒரு பட்டியல். இயக்குநரின் மருமகள் பேட்டி. தையற்காரர் பேட்டி. நீக்கப்பட்ட காட்சிகள். நீக்கியதை எதற்கையா திருப்பித் தருகிறாய்? தையல்கடையில் சட்டை வாங்கினால் வெட்டிப்போட்ட துணியையும் பொட்டலம் கட்டியா கொடுக்கிறான்? கலைஞன் வேண்டாம் என்று தள்ளியதைக் குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்கி வந்து வெள்ளித் தட்டில் வைக்கிறான். அதையும் ஒரு கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி பெனிட்டா. கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறது. இப்போது கழகத்துக்கு அதுதான் செயலாளர். நான் கௌரவ ஆலோசகர். கௌரவ ஆலோசகர் என்றால் தெரியுமல்லவா, அழைப்பிதழில் கடைசி வரி. முன்பெல்லாம் என்னைப் பார்த்தால் எழுந்து நின்ற பெண். இப்போதும் நிற்கிறது, ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது.

அது போன வாரம் வீட்டுக்கு வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை ‘உப்பு வண்டி’ புதிய பிரதியைத் திரையிடுகிறோம், நீங்கள்தான் அறிமுக உரை, அந்த நாற்காலிக் காட்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்றது. பேசலாமே என்றேன். அதைப் பற்றி என்னை விட்டால் யார் பேசுவார்கள்?

நாற்காலி உங்களுக்குத் தெரியாதல்லவா. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தத் திரையிலேயே வரும். முன்னாலேயே சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும். உப்புக்காரன் சாயங்காலமானால் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு உலக விஷயம் பேசுகிறவன். போர், அரசாங்கம், கடவுள். இந்த அறையில் பேச்சு. அந்த அறையில் அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் அவன் பெண்டாட்டி. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள். அவன் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவள் சீவிக்கொண்டே இருக்கிறாள். திடீரென்று ஒரு மின்னல். திரை கிழிகிற மாதிரி வெள்ளையாக ஒரு வெட்டு. அடுத்த சட்டகத்தில் நாற்காலி காலி. தரையில் கிழங்குத் தோல். அவ்வளவுதான். எங்கே போனாள், ஏன் போனாள், ஒரு வார்த்தை கிடையாது. படம் முடிகிற வரைக்கும் கிடையாது.

அந்த வெட்டுதான் ஐரோப்பிய சினிமாவின் உச்சம் என்று எழுதினேன். சாதாரண இயக்குநராக இருந்தால் அவள் எழுந்ததை, அழுததை, கதவைத் திறந்ததை எல்லாம் காட்டியிருப்பான். இவன் காட்டவில்லை. மின்னலைப் பற்றித் தனியாக ஒரு பத்தி. ‘அவளுடைய போதலைக் காட்ட மறுத்து, இயக்குநர் தன் கையாலேயே பிலிமைச் சுரண்டிவிட்டார்’ என்று. ‘காலி நாற்காலி’ என்பதுதான் அத்தியாயத்தின் தலைப்பு. சென்னையில் நான் அதைப் படித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மூன்று பேர் அதை வைத்து ஆய்வுப் பட்டம் வாங்கிவிட்டார்கள், பாய். அதில் ஒருத்தர் இன்றைக்குத் துறைத் தலைவர்.

இந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்து, “சார், உங்க சீனையே போடுறேன்” என்று டிஸ்கைப் போட்டது. அடுப்பு வந்தது. நாற்காலி வந்தது. கிழங்கு வந்தது. சரி, இப்போது மின்னல் வரும் என்று பார்க்கிறேன், வரவில்லை. அவள் எழுந்திருக்கிறாள்! கையைக் கழுவுகிறாள். பேசிக்கொண்டிருக்கிற அறையின் வாசலில் போய் நிற்கிறாள். நின்றுகொண்டே இருக்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுந்தே விட்டேன். கோபத்தில். நீக்கப்பட்ட காட்சியைக் கொண்டுவந்து படத்துக்குள்ளேயே சொருகியிருக்கிறான் அந்த ஜெர்மன்காரன்! இனி என்ன வேண்டுமானாலும் செய்வான். அதைத்தான் நான் பெனிட்டாவிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது பின்னாலிருந்து கோமளா சொல்கிறாள், “கோட்டை மாட்டிக்கிட்டு வெளிய போவா. போயிட்டுத் திரும்பி வருவா பாரு, அடுப்பை அணைக்க.”

கோமளா என் மனைவி. காப்பித் தட்டோடு வந்தவள் ஹால் வாசலிலேயே நின்றுவிட்டாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, நான் கவனிக்கவில்லை. காப்பியில் ஆடை படிந்திருந்தது.

திரையில் அவள் கோட்டை மாட்டுகிறாள். கதவைத் திறந்து போகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. பிறகு கதவு திறக்கிறது. திரும்பி வருகிறாள். அடுப்பை அணைக்கிறாள். பால் பாத்திரத்தை மூடுகிறாள். போய்விடுகிறாள்.

பெனிட்டா படத்தை நிறுத்திவிட்டுத் திரும்பியது. “ஆன்ட்டி! நீங்க இந்த சீனைப் பாத்திருக்கீங்களா?”

“பாத்திருக்கேன்மா. டிவியில போட்டப்ப.”

அதற்குப் பிறகு அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. படித்த பெண்ணாயிற்றே, முகத்துக்கு நேராகச் சொல்லாது. “காப்பி நல்லா இருக்கு ஆன்ட்டி” என்றது. ஆடை படிந்த காப்பியை.

கோமளாவைப் பற்றி நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. நல்லவள். வீட்டை நன்றாகப் பார்த்துக்கொள்வாள். ஆனால் சினிமா என்றால் அவளுக்கு என்ன தெரியும்? மத்தியான சீரியல் தெரியும். கழகத்துக் கூட்டம் எங்கள் வீட்டு ஹாலில்தான் நடக்கும், வருஷக்கணக்காக. அவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொன்னதில்லையே என்கிறீர்களா? சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, பாய். ஹாலில் நாற்காலியும் அத்தனை இல்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டேன். நீ எப்போது பார்த்தாய் என்றேன்.

“நீங்கதானே பதிவு பண்ணச் சொன்னீங்க.”

வாஸ்தவம். படம் போட்ட அன்றைக்கு மதியம் எனக்கு டவுன் ஹாலில் பேச்சு. ‘திரைப்படம் பார்ப்பது எப்படி’ என்ற தலைப்பு. அதனால் விசிஆரை இவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். ஒயர் வைத்த ரிமோட். ஒரே ஒரு பொத்தான்தான். விளம்பரம் வந்தால் அமுக்கு, பதிவு நின்றுவிடும். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அட்டை போட்டால் அமுக்கு. படம் திரும்பி வந்ததும் இன்னொரு தரம் அமுக்கு. கேசட் வீணாகக் கூடாது. அப்போது ஒரு கேசட் கிடைப்பதே பெரிய விஷயம், உங்களுக்குத் தெரியாததா? இரண்டு தடவை சொல்லி, மூன்றாவது தடவை அவளைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

“அமுக்கினேன்ல” என்கிறாள். “நடுவுல தடங்கல் அட்டை வந்துச்சு. அமுக்கினேன். கொஞ்ச நேரத்துல படம் வந்துடுச்சு. வந்தா அந்தப் பொம்பளை வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கா. அவன் பேசிக்கிட்டே இருக்கான். இப்பத் திரும்புவான், இப்பத் திரும்புவான்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன். கையில ரிமோட் இருக்கிறதே மறந்துபோச்சு. அவ அடுப்பை அணைச்சிட்டுப் போன பிறகுதான் ஞாபகம் வந்து அமுக்கினேன்.”

“இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?”

“மொதல்ல திட்டுவீங்கன்னு பயம். அப்புறம் நீங்க அதைப் பத்திப் பெருமையா எழுதிட்டீங்க. ஊர்ல கைதட்டினாங்க. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.” கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, “ரசம் போடட்டுமா?” என்கிறாள்.

பாய், நீங்களே சொல்லுங்கள். அறுபத்தெட்டு வயசு மனுஷி. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம் பார்த்ததை இப்படி ஒன்றுவிடாமல் சொல்வாளா? எந்தச் சீரியலையோ போட்டுக் குழப்பிக்கொள்கிறாள். அடுப்பை அணைக்கத் திரும்பி வருவாள் என்று எப்படிச் சரியாகச் சொன்னாள் என்கிறீர்களா? எந்தப் பொம்பளைதான் திரும்பி வரமாட்டாள்? இவளே பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு, கேஸை அணைத்தேனா என்று திரும்பி வந்திருக்கிறாள். ஊகம்தான். அதற்குப் பெயர் ரசனையா?

என் கணக்கு வேறு. படத்துக்கு இரண்டு வடிவம் இருந்திருக்க வேண்டும். ஒன்று இயக்குநர் தன் மனசுப்படி வெட்டியது, அதுதான் நம் தொலைக்காட்சிக்கு வந்தது. இன்னொன்று தயாரிப்பாளர் கெடுத்தது, அதைத்தான் ஜெர்மன்காரன் துடைத்துத் துடைத்து விற்கிறான். மின்னல் இருக்கிறதே, மின்னல்! அது சாட்சி இல்லையா? விசிஆரை நிறுத்திப் போட்டால் மின்னலா வரும்?

இதை நான் பெனிட்டாவிடம் போனில் பொறுமையாகத்தான் விளக்கினேன். “சார், சூப்பர், உங்க தியரியை நீங்க பேசுங்க. ஆன்ட்டியும் அஞ்சு நிமிஷம் பேசறேன்னு சொல்லியிருக்காங்க” என்கிறது.

பேசப் போகிறாளாம். கோமளா. மேடையில். நான் கட்டிய மேடையில்.

என்ன பேசப் போகிறாய் என்று கேட்டேன். “அந்தப் பொண்ணு கேட்டுச்சு, அந்த சீன் பாத்தப்ப என்ன நெனச்சீங்கன்னு. அதைச் சொல்லப் போறேன்” என்கிறாள். என்ன நினைத்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது? பீரோவிலிருந்து மாம்பழக் கலர் பட்டுப் புடவையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறாள். பத்து வருஷமாகக் கட்டாத புடவை.

அதற்குத்தான் இந்த பென் டிரைவ். ஞாயிற்றுக்கிழமை அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், நான் எழுந்து இதைத் திரையில் போடுவேன். கிழங்கு, மின்னல், காலி நாற்காலி. பாருங்கள், இதுதான் உண்மையான பிரதி என்பேன். அதற்குப் பிறகு யார் என்ன பேசினாலும் எடுபடாது. பாவம், அவளை அவமானப்படுத்த வேண்டும் என்றெல்லாம் இல்லை. கலைக்கு ஒரு நியாயம் வேண்டாமா? நாளைக்கு இந்த ஊரில் ‘காலி நாற்காலி சம்பந்தம் பெண்டாட்டி ரிமோட்டை அமுக்க மறந்த கதை’ என்று சிரிப்பார்கள். துறைத் தலைவரும் சேர்ந்து சிரிப்பார். நான் முப்பது வருஷம் எழுதியதெல்லாம் என்ன ஆவது?

இருங்கள், இருங்கள். வருகிறது. அந்தச் சத்தத்தைக் கூட்டுங்கள். உப்புக்காரன் பேச ஆரம்பித்துவிட்டான். அதோ அடுப்பு. அதோ அவள். பாருங்கள் அந்தக் கையை. எவ்வளவு அலட்சியமாகச் சீவுகிறாள். இப்போது... இப்போது...

பார்த்தீர்களா! மின்னல்! நாற்காலி காலி! ஆகா!

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? பின்னால் ஏன் போகிறீர்கள்?

ஒவ்வொரு சட்டகமாகவா? போங்களேன். எனக்கென்ன பயம்? எங்கள் வீட்டு டிவியில் இப்படி நிறுத்தினால் படம் உதறும், ஒன்றும் தெரியாது. உங்கள் திரை பெரியது. நல்லதுதான், இயக்குநர் சுரண்டிய கோடு தெளிவாகத் தெரியும்.

கிழங்கு. கிழங்கு. கிழங்கு. இதோ, வெள்ளைக் கோடு. சொன்னேன் அல்லவா? அடுத்தது.

கோட்டுக்குக் கீழே அது என்ன?

எழுத்து மாதிரியா இருக்கிறது? எங்கே, கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன். வளைவுக்குப் பிறகு... ‘றோம்’. ‘றோம்’ என்றா படிக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் படிக்கிறேன். ரோம் நகரமாக இருக்கலாம். ஐரோப்பிய இயக்குநர்களுக்கு ரோம் என்றால் ஒரு இது உண்டு.

தமிழில், ஆமாம். தமிழில்தான் எழுதியிருக்கிறது. தெரிகிறது, பாய். எனக்கும் படிக்கத் தெரியும். அடுத்த சட்டகத்துக்குப் போகாதீர்கள். போய்விட்டீர்களா. ‘கிறோம்’. பக்கத்தில் ஒரு பூச்சாடி.

அந்தப் பூச்சாடி எனக்கு ஞாபகம் இருக்கிறது. தடங்கல் அட்டையில் வலது பக்கம் இருக்கும்.

அரை நொடி தாமதமாக அமுக்கியிருக்கிறாள். சொன்னதைச் சரியாகச் செய்ய என்றைக்குத் தெரிந்திருக்கிறது அவளுக்கு.

தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள்.

போன் அடிக்கிறது. கோமளாதான். அடிக்கட்டும். சாப்பிட வருகிறீர்களா என்று கேட்பாள், இல்லாவிட்டால் மாம்பழக் கலருக்கு எந்த ஜாக்கெட் என்று கேட்பாள். அவளுக்கு வேறென்ன பேசத் தெரியும்? நின்றுவிட்டது. சரி.

பாய், ஒன்று கேட்கிறேன். இந்த அரை நொடியை மட்டும் எடுத்துவிட்டால் படம் குதிக்குமா? குதிக்காதா? கிழங்கு முடிந்ததும் நேராக நாற்காலிக்குப் போய்விடும், இல்லையா? அப்படியானால் எடுத்துவிடுங்கள்.

மின்னலா? மின்னலைப் பற்றிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்தான். ஒரே ஒரு பத்தி. அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம்.

எதற்கு என் முகத்தையே பார்க்கிறீர்கள்? கல்யாணத்தில் எத்தனை பேரை வெட்டியிருப்பீர்கள்! சண்டை போட்டுக்கொண்டு போன சித்தப்பா, ஓடிப்போன கொழுந்தியாள், எல்லாரையும் எடுத்துவிட்டு ரோஜாப்பூ ஒட்டிக் கொடுக்கவில்லை? அதே வேலைதான். ஒட்டு தெரியக் கூடாது. ஒரு எழுத்து, ஒரு புள்ளிகூட நிற்கக் கூடாது. நன்றாகச் சுத்தம் செய்துவிடுங்கள்.